ஒரு தகரப் பெட்டிக்கு இரண்டு படிவங்கள்

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். போனவன் வெளியே வரவே இல்லை என்று அம்மா சொல்வார். பட்டம் முடிந்த கையோடு அதே பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் ஒரு வேலையில் ஒட்டிக்கொண்டேன். வேலையின் பெயர் ஆவணக் காப்பக உதவியாளர். அப்பாவுக்கு அதை விளக்க மூன்று முறை முயன்றேன். பழைய கடதாசிகளைத் தேடிச் சேர்த்து, பூச்சி அரிக்காமல், ஈரம் படாமல் வைத்திருந்து, கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது என்றேன். அப்பா சித்தாண்டிப் பக்கம் பிறத்தியாருடைய வயலில் கூலி வேலை செய்கிறவர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கடதாசிக்குக் காவல்" என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்தினார். ஊரில் அதுவே நிலைத்துவிட்டது.

காவல் என்றாலும் காவலுக்கு ஒரு குடில் வேண்டும். எனக்கு இருந்தது நூலகத்தின் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. மழைக்காலத்தில் அதன் சுவர் வியர்க்கும். வேலையும் ஒரு வருட ஒப்பந்தம்தான். நூலகர் முதல் நாளே என்னை இருத்திவைத்து ஒளிக்காமல் சொன்னார்: ஈரமில்லாத, குளிரூட்டிய ஓர் அறைக்கு யாராவது நன்கொடை தந்தால் காப்பகம் நிலைக்கும், காப்பகம் நிலைத்தால் உமக்கு நிரந்தரப் பதவி கேட்கலாம்; அறை இல்லையென்றால் ஒப்பந்தம் முடிகிற அன்று உம்மையும் பெட்டிகளோடு சேர்த்துக் கட்டவேண்டியதுதான். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

அறைக்கு நன்கொடை தேடுகிற பொறுப்பு மேல்மாடியில் இருந்த நிதி திரட்டும் பிரிவுக்கு. பிரிவு என்பது ஒரே ஓர் உத்தியோகத்தர். காத்தான்குடியைச் சேர்ந்த முஸ்லிம் பெண், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், முன்பு காப்புறுதி விற்றவர். நான் அவரை மிஸ் என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். காப்புறுதி விற்றவர் என்ற ஒரு காரணத்துக்காகவே அவரைக் கொஞ்சம் கீழாக நினைத்தேன். நானோ இணையத்தில் மூன்று மாதச் சான்றிதழ்ப் பாடம் முடித்திருந்தேன். அந்தப் பாடத்தின் கலைச்சொற்களைத் தேத்தண்ணிக்கு வரிசையில் நிற்கும்போதும் பயன்படுத்தினேன்.

ஒருநாள் அவர் கீழே வந்து, நன்கொடையாளர்களுக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும், வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு பழைய கடதாசி ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி நில்லுங்கள் என்றார். கடதாசிக்குக் கையுறை கூடாது, விரல் உணர்வு போய்விடும், ஓரம் கிழியும், கழுவிய வெறுங்கையே உத்தமம் என்று அரைமணி நேரம் விளக்கினேன். அவர் முழுவதையும் மரியாதையாகக் கேட்டார். பிறகு கைப்பையிலிருந்து கையுறையை எடுத்து நீட்டினார். போட்டுக்கொண்டேன். அந்தப் படம் எப்படியோ எங்கள் சொந்தக்காரர் எல்லாருடைய போனுக்கும் போய்ச் சேர்ந்தது. மாமா ஒருவர் அழைத்து, எந்த ஹோட்டலில் பரிமாறுகிறாய் என்று கேட்டார்.

இப்படியாக ஒரே அறைக்காக இரண்டு பேரும் பாடுபட்டோம், ஒருவருக்கொருவர் சொல்லாமல். என் பட்டியல் ஒரு கொப்பியில் இருந்தது, அவருடையது போனில். நான் தேடிப் பிடித்த ஆட்களைப் பற்றிச் சொன்னால் அவர் உடனே காசு கேட்டுப் பயப்படுத்திவிடுவார் என்று நினைத்தேன். தன்னுடைய ஆட்களிடம் என்னை விட்டால் நான் கதைத்தே அவர்களைத் தூங்கவைத்துவிடுவேன் என்று அவர் நினைத்தார். இதில் அவர் நினைத்தது சரி என்பதைப் பிற்பாடு ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

என் பட்டியலில் முதல் பெயர் வவுணதீவுக்கு அங்கால் ஒரு கிராமத்தில் இருந்த ஓர் அம்மா. அறுபது தாண்டியவர், கணவர் இல்லை, பிள்ளைகள் கொழும்பில். அவருடைய தகப்பனார் அந்த வட்டையின் விதானையாக இருந்தவர். வயல் வெளி ஒன்றுக்கு முறைப்படி யார் முதலில் தண்ணீர் எடுப்பது, யார் வேலி அடைக்கவில்லை, யாருடைய மாடு வெள்ளாமைக்குள் இறங்கியது என்பதெல்லாம் பார்க்கிற ஆள் வட்டை விதானை. பெரும்பாலும் வாயால் நடக்கிற வேலை. இந்த மனிதர் மட்டும் எழுதி வைத்திருந்தார். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் அந்த வட்டைக்கு வந்து சேர்ந்த ஒவ்வொரு போகமும் கொப்பியில் இருந்தது. முப்பதுக்கு மேல் கொப்பிகள், ஒரு தகரப் பெட்டியில், அந்த அம்மாவின் வீட்டில், நெல் மூட்டைகளுக்கு மேல்.

நான் அவரைப் பெரியம்மா என்றேன். நாலு மாதம் சனிக்கிழமைகளில் போனேன். விறாந்தையில் குந்தியிருந்து இரண்டிரண்டு கொப்பியாக வாசித்தேன். பெட்டியை நூலகத்துக்குத் தருகிறீர்களா என்று நேராகக் கேட்கவில்லை. பாடத்தில் அதற்கு 'உறவு வளர்த்தல்' என்று பெயர். பயம் என்பதுதான் சரியான பெயர். பெரியம்மாவும் விளங்கிக்கொண்டுதான் இருந்தார். "வெட்டு முடியட்டும் மனே, மறுகா ஒரு கதை சொல்றன்" என்று ஒருநாள் சொன்னார். அறுவடைக்குப் பிறகு என்று வந்த அந்த மறுகாவை நம்பி நான் இருந்தேன்.

மிஸ்ஸின் பட்டியலில் முதல் பெயர் கனடாவில் இருந்த ஓர் ஓய்வுபெற்ற பொறியியலாளர். அறை முழுவதையும் தானே கட்டித் தருகிறேன், ஆனால் தன் தகப்பனாரின் கொப்பிகள் அந்த அறையில் இருக்கவேண்டும், அவற்றையும் நன்கொடையாகத் தருகிறேன் என்று எழுதியிருந்தார். மிஸ் முதன்முறையாகத் தன் பட்டியலை எனக்குக் காட்டினார். கிராமத்தின் பெயரைப் பார்த்தேன். பெரியம்மாவின் தம்பி.

எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அறையும் பெட்டியும் ஒரே வீட்டிலிருந்து வருகின்றன! பெட்டியைப் பற்றியும் பெரியம்மாவைப் பற்றியும் அப்போதுதான் மிஸ்ஸிடம் சொன்னேன். நாலு மாதமாக வாய்க்குள் இருந்த கேள்வியை இனி நான் கேட்கவே தேவையில்லை. எங்களிடம் நன்கொடைப் படிவம் ஒன்று இருந்தது. ஏதோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துடையதைப் பார்த்து எடுத்தது, ஆறு பக்கம், ஆங்கிலம். அதில் குடும்பத் தலைவர் என்று ஒரு கட்டம். அதில் தம்பியின் பெயரை நானே தட்டச்சுச் செய்தேன்.

மிஸ் என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பெட்டி இரிக்கிறது அவர்ட ராத்தாட ஊட்டிலதானே தம்பி? அவகிட்ட ஒரு சொல்லுக் கேக்கத் தேவல்லையா?"

காத்தான்குடியிலும் வீடு பெண்பிள்ளைக்குத்தான். எங்களிலும் அப்படித்தான். எங்கள் அப்பாவும் அம்மாவும் கட்டிய வீடு அக்காவின் கலியாணத்தோடு அக்காவுடையதாகிவிட்டது. அந்த வீட்டில் மின்விசிறியை என் பக்கம் திருப்புவதற்கும் அக்காவிடம் கேட்கிறவன் நான். அப்படிப்பட்டவன் மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்து, தகப்பனின் கடதாசிகள் மகனுக்குத்தான் உரித்து, அதுதான் சர்வதேச நடைமுறை என்றேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. ஆங்கிலப் படிவத்தின் முன்னால் இருந்ததும் ஊரில் இருபத்தைந்து வருடம் பார்த்ததெல்லாம் மறந்துபோய், அந்தக் கட்டத்துக்குள் இயல்பாகவே ஓர் ஆம்பிளையின் பெயர் வந்து விழுந்தது.

மிஸ் மேல்மாடிக்கு ஏறிப் போனார். படிவம் போனது, கையெழுத்தோடு வந்தது.

பெட்டியை எடுக்க நூலகத்து வான் வண்டியில் போனோம். வலையிறவுப் பாலத்தைக் கடக்கும்போது வாவியில் தோணிகள் நின்றன. நான் புதிய அறையில் என் மேசை எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று யோசித்துக்கொண்டு போனேன். யன்னல் பக்கம் என்று முடிவு செய்தேன்.

பெரியம்மா வாசலில் நின்றார். தம்பி போனில் சொல்லியிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. வாங்க என்றார், இருங்க என்றார், இலை போட்டார். மிஸ்ஸைப் பார்த்து, "கோழி ஆக்கினா நீங்க தின்னமாட்டீங்க புள்ள, அதான் மீன்" என்றார். மீன் நல்ல ருசியாக இருந்திருக்கவேண்டும், எனக்குத் தெரியவில்லை. கைகழுவி வந்து இருந்த பிறகுதான் கேட்டார்.

"நாலு மாசமா இஞ்ச வந்து தேத்தண்ணி குடிச்ச. என்னட்டக் கேக்கத்தானே வந்த?"

"ஓம் பெரியம்மா."

"மறுகா ஏன் அவனுக்கிட்டக் கேட்ட?"

படிவத்தில் குடும்பத் தலைவர் என்று ஓர் இடம் இருக்கிறது என்று தொடங்கினேன். தொடங்கியிருக்கக் கூடாது.

"இந்த ஊட்டுக்குத் தலைவர் ஆரு மனே?"

நான் நிலத்தைப் பார்த்தேன். சீமெந்துத் தரை, சுத்தமாக மெழுகியது போலப் பளபளத்தது. கதவின் மேல் மாட்டியிருந்த படத்தில் பெரியம்மாவின் தாயும் தகப்பனும் என்னைப் பார்த்தார்கள். நீங்கள்தான் பெரியம்மா என்றேன். அவர் சத்தம் போட்டிருந்தால் நல்லாயிருக்கும் என்று இருந்தது. போடவில்லை. வெட்டு முடிந்ததும் அவரே தருவதாக இருந்தாராம். எந்தச் சனிக்கிழமை சொல்வது என்றுகூட நினைத்து வைத்திருந்தாராம். "என்ட கையால குடுக்கிறதுக்கு இருந்ததை, அவன் அங்க இருந்து குடுத்துப்போட்டான். நீங்க வாங்கியும் போட்டீங்க."

அப்போது மிஸ் தன் பையிலிருந்து இன்னொரு படிவத்தை எடுத்தார். ஒன்றும் நிரப்பாதது. வரும்போதே கொண்டு வந்திருக்கிறார்! என்னைப் பார்க்காமலே மேசையில் வைத்து, "பிழை எங்கடதான் அக்கா. இதில உங்கட பேரப் போடுவம், நீங்க விரும்பினா" என்றார்.

பெரியம்மா படிவத்தைக் கையில் எடுத்துப் புரட்டினார். பிறகு என்னிடம் நீட்டினார். "தமிழில வாசி."

இதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம் உண்டு. வீட்டுக்கு வருகிற எந்தக் கடிதத்தையும், எந்தப் படிவத்தையும் ஐந்தாம் வகுப்பிலிருந்து நான்தான் வாசித்துச் சொல்வேன். அரசாங்கக் கந்தோர்களில் எழுதுகிற பாஷை கடுமையானது. அம்மா கலங்கிப்போவார் என்று, கடுமையானதை எல்லாம் கொஞ்சம் தண்ணீர் கலந்து சொல்லிப் பழகியிருந்தேன். நிராகரிக்கப்பட்டது என்று இருந்தால், பிறகு பார்ப்பார்களாம் என்பேன். அந்தப் பழக்கத்தில் ஆறு பக்கத்தையும் இரண்டு நிமிடத்தில் வாசித்தேன். பல்கலைக்கழகம் கொப்பிகளைப் பொறுப்பாக வைத்திருக்கும், எப்போதும் பார்த்துக்கொள்ளும், உங்கள் பெயர் இருக்கும். மிஸ்ஸுக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் விறாந்தைத் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்கா வாசி" என்றார் பெரியம்மா.

வாசித்தேன். இந்த முறை பல்கலைக்கழகம் பொறுப்பு எடுத்துக்கொள்ளும், குடும்பம் வேண்டியபோது வந்து பார்க்கலாம் என்று வந்தது. அப்படி ஒன்று அதில் இல்லவே இல்லை. முதல் முறை சொன்ன பெயர் விஷயம் எங்கோ விட்டுப்போனது.

"முதல் வாசிச்சது வேற, இப்ப வாசிக்கிறது வேற" என்றார் பெரியம்மா. "வட்டைக் கூட்டத்தில ஆக்கள் கதைக்கிறதக் கேட்டு வளந்த நான். ஒரு தண்ணிக்கு ரெண்டு கதை சொல்றவன எனக்குத் தெரியும். மூணாந்தரம் உள்ளதை வாசி."

உள்ளதை வாசித்தேன். ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான். திருப்பிக் கேட்க முடியாது. வீட்டுக்கோ ஊருக்கோ இனி எந்த உரித்தும் இல்லை. தேவையில்லை என்று நூலகம் நினைத்தால் கழித்துவிடலாம். தமிழில் ஒவ்வொன்றாக என் வாயால் வரும்போதுதான் அவை எப்படிப்பட்ட வசனங்கள் என்று எனக்கே கேட்டது. வருடம் முழுக்க நான் எல்லாரிடமும் நீட்டிய படிவம் அது. முடித்தபோது எனக்கு யன்னலும் இல்லை, மேசையும் இல்லை என்று தெரிந்தது.

மிஸ் பேனையை எடுத்தார். கடைசி இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அது ஆட்சிக்குழு அங்கீகரித்த படிவம்.

"நான் பத்து வருசம் இன்சூரன்ஸ் வித்தவ அக்கா" என்றார். "வாசிச்சுக் காட்டாமக் கையெழுத்து வாங்கின ஒவ்வொருத்தரும் ஒருநாள் என்ட ஊட்டு வாசல்ல வந்து நிண்டாங்க. நீங்க சொல்லுங்க, தம்பி எழுதுவாரு."

பெரியம்மா சொன்னார், நான் படிவத்தின் பின்பக்கத்தில் தமிழில் எழுதினேன். கொப்பிகளைக் கொடுப்பது மகள். ஒவ்வொரு போகமும் விதைக்க முந்தி வட்டைக் கூட்டம் கூடும். வாய்க்கால் எது, மாட்டுப் பாதை எது என்று இழுபறி வந்தால் ஆட்கள் அந்தக் கொப்பிகளைத்தான் இன்றைக்கும் கேட்கிறார்கள். ஆகவே கூட்டத்தன்று நூலகம் அவற்றைக் கொண்டுவந்து காட்டவேண்டும். கழிப்பதென்றால் முதலில் அவருக்குச் சொல்லவேண்டும். அறைக்குப் பெயர் வைப்பதென்றால் தகப்பன் பெயர் இல்லை, தாயின் பெயர். வயல் தாய்க்குச் சீதனமாக வந்தது. கொப்பி எழுதியவர் தகப்பன்தானே என்று நான் மெதுவாகக் கேட்டேன். "வயல் இல்லாம என்னத்த எழுதிற?" என்றார்.

கையெழுத்து வைத்தார். நான் எழும்பிப் பெட்டிப் பக்கம் போனேன்.

"இண்டைக்கு இல்ல மனே. பெரும்போகக் கூட்டம் முடியட்டும், மறுகா வந்து எடு."

என் ஒப்பந்தம் முடிவது அதற்கு ஒரு மாதம் முந்தி. வெறும் வான் திரும்பியது. சாரதி, பெட்டி எங்கே என்று கேட்டார்.

பாலம் வந்தபோது மிஸ்ஸிடம், முதலில் கேட்டபோதே நீங்கள் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்றேன். "கேட்டிருக்கலாம்" என்றார். ஆறுதலாக ஏதாவது வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு, கனடாக்காரருக்கு இன்றைக்கே போன் எடுத்து எல்லாவற்றையும் சொல்லவேண்டும், பிந்தினால் அக்கா சொல்லிவிடுவார், அது இன்னும் மோசம் என்றார். நீங்கள் சொல்லுங்கள் மிஸ் என்றேன். இரண்டு பேரும் சேர்ந்துதான் சொல்லவேண்டும் என்றார்.

சொன்னோம். மூன்று நாள் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அந்த மூன்று நாளும் நான் நூலகருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பெட்டி வந்து ஒழுங்குபடுத்தி முடியும் வரைக்கும் என்னை வைத்திருக்கவேண்டும் என்று. நாலு பக்கம் வந்தது. முதல் பக்கம் முழுக்கக் கிழக்கு மாகாணத்தின் நீர்ப்பாசன வரலாறு. மிஸ் அதை வாங்கி எட்டு வரியாக்கினார். என் வசனங்களில் ஒன்றே ஒன்று மிஞ்சியது, அதுவும் தேதி. பிறகு இருவரும் கையெழுத்து வைத்தோம். மேல்மாடியும் கீழறையும் ஒரே கடதாசியில் கையெழுத்து வைத்திருப்பதை நூலகர் சற்று நேரம் பார்த்தார். குறுக்கே கோடு இழுத்த படிவத்தை அதைவிடக் கூட நேரம் பார்த்தார். ஆட்சிக்குழுவுக்கு இதைக் கொண்டுபோகிற ஆள் நான்தானே என்று முனகினார். கொண்டுபோனார்.

நாலாம் நாள் கனடாவிலிருந்து குரல் பதிவு வந்தது. அக்கா சொன்னால் சரிதான், அம்மாவின் பெயரே இருக்கட்டும் என்றார். கடைசியில் கொஞ்சம் தயங்கி, தன் பெயரையும் எங்கேயாவது சின்னதாகப் போடலாமா என்று அக்காவிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார். கேட்டோம். கதவுக்கு உள்பக்கம் போடலாம் என்று உத்தரவானது.

கூட்டம் முடிந்து பெட்டி வந்தது. அறையும் வந்தது. எனக்கு ஆறு மாத நீடிப்பும், அதன் பிறகு நேர்முகத் தேர்வில் பதவியும் கிடைத்தன. அந்தத் தேர்வில் நன்கொடையாளர் உறவு பற்றிக் கேட்டார்கள். இந்தக் கதையில் வருகிறவன் நான் இல்லை, வேறு யாரோ என்பது போலப் பதில் சொன்னேன். மேசை கதவுப் பக்கம்தான் அமைந்தது. குளிரூட்டிய அறைக்கு யன்னல் வைக்கமாட்டார்கள் என்பது பாடத்திலேயே இருந்திருக்கிறது.

போன வாரம் சிறுபோகக் கூட்டம். எழுதிக் கொடுத்தபடி கொப்பிகளை அமிலமில்லாத அட்டைப் பெட்டியில் வைத்து, ஈரம் படாமல் சுற்றி, மோட்டார் சைக்கிளில் மடியில் கட்டாத குறையாகக் கொண்டுபோனேன். மருத மரத்துக்குக் கீழே முப்பது நாற்பது பேர் கூடியிருந்தார்கள். பெட்டியைத் திறக்குமுன் எப்படிப் புரட்டவேண்டும் என்று இரண்டு சொல் சொல்லலாம் என்று எழும்பினேன். அதற்குள் கொப்பிகள் கை மாறிவிட்டன. எச்சில் தொட்டுப் புரட்டினார்கள். ஒருவர் ஒரு பக்கத்துக்குள் வெற்றிலையை அடையாளமாக வைத்தார். கிழக்கு வாய்க்காலில் எந்த வயலுக்கு முதல் தண்ணீர் என்பதில் இரண்டு பேர் முறுகிக்கொண்டு நின்றார்கள். பெரியம்மா ஒரு பக்கத்தைக் காட்டியதும் அவர்களில் ஒருவர் தோளில் இருந்த துவாயை உதறிக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. நடுவில் மிஸ் நூலகத்திலிருந்து போனில் அழைத்து, கனடாவுக்கு அனுப்ப ஒரு நல்ல படம் வேண்டும் என்றார். எல்லாரும் குனிந்து நிற்கிறார்கள், முதுகுதான் தெரிகிறது என்றேன். முதுகை அனுப்புங்க என்றார்.

நாலு மணிக்குத் திருப்பித் தரவேண்டும் என்பது எழுத்தில் இருக்கிறது. ஐந்து மணிக்குப் பெரியம்மா கொப்பிகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கித் தந்தார். நானும் எண்ணினேன். ஒன்று குறைந்தது.

"கிழக்கு வாய்க்கால் கொப்பிய வெச்சிருக்கன்" என்றார். "அவன் இண்டைக்கு இருந்திட்டான். நாளைக்கு எழும்புவான். தண்ணி வந்து முடியட்டும், மறுகா வந்து எடு."

நூலகத்துக்கு வந்து பதிவேட்டைத் திறந்தேன். இரவல் பெற்றவர் என்ற இடத்தில் யாருடைய பெயரை எழுதுவது என்று பேனையோடு இருந்தேன். மேல்மாடியிலிருந்து இறங்கி வந்த மிஸ் பார்த்துவிட்டு, இரவல் வாங்கினது அவங்களா நாமளா தம்பி என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அந்த இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. சனிக்கிழமை போகவேண்டும்.